பன்னிரண்டு வோல்ட்

ஓட்டுக் கூரையின் தெற்குச் சரிவில் சோலார் தகட்டைப் பொருத்தி முடித்தபோதுதான் இராமச்சந்திரன் அதைக் கவனித்தான்.

கம்பத்திலிருந்து அந்த வீட்டுக்கு வந்திருந்த கரண்ட் ஒயர் துண்டிக்கப்பட்டு, கூரை ஓரத்தில் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது.

சேரப்பணஞ்சேரியில் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் பல்பு எரிகிறது. இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஏன் சூரிய வெளிச்சத்தில் ஓடும் விளக்கு? தொண்ணூற்றொன்றில் அந்தப் பக்கம் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. தாம்பரத்தில் ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் எல்லப்பன்தான் அவனைத் தேடி வந்து கேட்டிருந்தார்.

ஏணியிலிருந்து இறங்கி அவரிடமே கேட்டான்.

"பொண்ணு மாசமா கீது சார். வெளக்கு இல்லாத வூட்டுக்குப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டோம்னு சம்பந்தி வூட்ல சொல்லிட்டாங்க."

"அதான் லைன் வந்திருக்கே?"

எல்லப்பன் வாசலைப் பார்த்தார்.

அவர் மனைவி சந்திரம்மாள் காலையிலிருந்து வேலியோரமாகவே நின்றிருந்தாள். வேலை நடக்கும் பக்கம் திரும்பவே இல்லை.

பேட்டரியில் ஒயரை முடுக்கும்போது நிலைப்படிவரை வந்தாள்.

"தொட்டா இன்னா பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதும்மா. பன்னெண்டு வோல்ட்டுதான்."

இரண்டு முனைகளிலும் விரல் வைத்துக் காட்டினான்.

"நீ செருப்பு போட்டுகினு கீற."

கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி தொட்டான்.

"கை ஈரமா இருந்தா?"

பக்கத்திலிருந்த செம்புத் தண்ணீரில் கையை நனைத்துத் தொட்டான்.

சந்திரம்மாள் உள்ளே வந்தாள். செம்பில் மீந்திருந்த தண்ணீரைத் தன் இரண்டு கைகளிலும் ஊற்றிக்கொண்டாள்.

"வேணாம்மே," என்றார் எல்லப்பன்.

கண்களை இறுக மூடிக்கொண்டு தொட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

"எங்க பையன் சார்," எல்லப்பன் குரலைத் தாழ்த்தினார். "குளிச்சிட்டு ஈரத்தோட ஓடியாந்து சுவிட்ச்சத் தொட்டுட்டான். அன்னிக்கு வெட்டிப்போட்டதுதான் அந்த ஒயரு."

சுவிட்ச் மட்டும் பாக்கி இருந்தது. இராமச்சந்திரன் ஸ்டூல் போட்டு ஏறி, எந்தக் குழந்தையின் கைக்கும் எட்டாத உயரத்தில் பென்சிலால் குறியிட்டான்.

சந்திரம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

"அவ்ளோ மேல வேணாம்பா. நாளைக்குப் பேரப்புள்ள ஓடியாந்து போடும். அதுக்கு எட்ட வேணாமா?"

அவன் கீழே இறங்கினான். "எந்த உயரத்துல வைக்கட்டும்மா?"

அவள் யோசிக்கவே இல்லை. சுவரருகே வந்து, தன் இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு பிள்ளையின் தலையில் வைப்பதுபோல் உள்ளங்கையை விரித்து நிறுத்தினாள்.

எல்லப்பன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவ்வளவு உயரம்தான் வளர்ந்திருந்தான் அவர்கள் மகன்.