பதினேழாம் நம்பர் நத்தை

"யாரு என் நத்தையைத் தொட்டது?"

ஜெகதீஸ்வரி போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது.

பிஎச்.டி சேர்ந்து பதினோரு மாதம். நாலு தலைப்பு மாற்றியாயிற்று. அடுத்த வாரம் முதலாண்டு ரிவ்யூ. 'உன் கேள்வி என்ன?' என்று குழு கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லாவிட்டால் ஸ்காலர்ஷிப் போச்சு.

கடைசி நம்பிக்கை இந்த நாற்பது நத்தைகள். அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் கடலோரச் சேற்றிலிருந்து ஐஸ்கிரீம் டப்பாவில் ஃபெரிப் படகு ஏற்றிக் கொண்டுவந்து, முதுகில் நெயில் பாலிஷால் நம்பர் போட்டிருந்தாள். எந்தச் சேற்றை விரும்பித் தின்கின்றன என்று பார்க்க வேண்டும். காலையில் சேற்றில் விட்டுவிட்டு நூலகத்துக்குப் படிக்கப் போவாள். திரும்பி வந்தால் பல நாள் சேற்றில் ஒன்றுகூட இருக்காது. எல்லாம் தொட்டியில் நட்ட குச்சிமேல்!

தொட்டி கழுவும் உதவியாளர் மோகனராஜ்மேல்தான் அவளுக்குச் சந்தேகம்.

"அண்ணே, எத்தனை தடவை சொல்றது? தொடாதீங்கலா!"

"நான் தொடலை தங்கச்சி. அதுங்களாதான்..."

"ஆமாமா, நாப்பதும் பேசி வச்சுக்கிட்டு ஏறுச்சா?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனார். அவள் தன் வழிகாட்டிப் பேராசிரியர் நோர்மாவிடம் எழுத்திலேயே புகார் கொடுத்தாள்.

கையும் களவுமாகப் பிடிக்க, மறுநாள் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்தாள். மோகனராஜ் சாப்பிடப் போய்விட்டார். அறையில் ஈ காக்கை இல்லை.

ஒன்று இருபதுக்குப் பதினேழாம் நம்பர் கொம்பை நீட்டியது. மெல்ல ஊர்ந்து குச்சியைப் பிடித்தது. பின்னாலேயே மூன்று, இருபத்தொன்பது... அரை மணியில் நாற்பதும் மேலே!

கைப்பேசியில் பட்டர்வொர்த் கடல் ஏற்றத்தின் நேரத்தைப் பார்த்தாள். அங்கே தண்ணீர் சேற்றை மூட வரும் நேரம் அது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடலை விட்டு வந்து மூன்று வாரம். ஆனாலும் இந்த விரல்நுனி உயிர்களுக்குள் கடல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது! இவள்தான் குச்சியில் ஏறியவற்றைப் பிடுங்கிப் பிடுங்கிக் கீழே போட்டிருக்கிறாள். தன்னையறியாமல் தொட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பேராசிரியர் அறைக்கு ஓடினாள்.

"கேள்வி கிடைச்சிருச்சு டாக்டர்! கடலே இல்லாம இதுங்களுக்கு எப்படி நேரம் தெரியுது?" மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். "அந்தப் புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

"அவரிடம் விளக்கம் கேட்டிருந்தேன். காலையில் இதைக் கொடுத்தார்," என்று நோர்மா ஒரு தாளை நீட்டினார்.

அதில் மறுப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மூன்று வாரத் தேதிகள். எதிரே, வேலை நேரத்தில் நத்தைகள் ஏறிய மணி. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளித் தள்ளி, கடல் ஏற்றம் தள்ளிப்போவது போலவே.

"மேலே தமிழில் ஏதோ எழுதியிருக்கிறாரே, என்ன அது?"

ஜெகதீஸ்வரி வாசித்தாள்:

"தங்கச்சி ரிவ்யூவுக்கு. கோபம் தணிஞ்சதும் குடுக்கணும்."