ஒரே அலுமாரி

2024 பெப்ரவரி பத்தாம் திகதி காலை, நுவரெலியா கடைத்தெருவில் கணேசமூர்த்தியின் துணிக்கடையில், ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்த மர அலுமாரி திறக்கப்பட்டது. உள்ளே அறுபத்தொரு சால்வைகள் இருந்தன.

அறுபது அவருடையவை. ஏப்ரல் சீசனுக்கென்று கொழும்பில் மொத்தமாக எடுத்து, வந்த அன்றே வைத்துப் பூட்டியவை. 'காஷ்மீர் ஆட்டு உரோமம், அசல் கைத்தையல்' என்று விற்றவன் சொன்னான். கணேசமூர்த்தி அதை அப்படியே பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார். அவருடைய கைமுதல் முழுவதும் அந்த அலுமாரிக்குள்தான் இருந்தது.

அறுபத்தோராவது, கடையில் வேலை செய்யும் நாகலெட்சுமியுடையது. டயகமக்காரி; தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். குவைத்தில் ஒன்பது வருஷம் வீட்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். சால்வை விற்கும் கடையில் நிற்பவள் தோளில் சால்வை இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆகவே ஓகஸ்டில், வேலைக்கு வந்த முதல் நாளே, பையிலிருந்து தன்னிடமிருந்த ஒரே நல்ல சால்வையை எடுத்தாள்.

கணேசமூர்த்தி அதைப் பிடுங்கிப் பார்த்தார். ஒரு பூ பெரிது, ஒரு பூ சிறிது. பின்பக்கமெல்லாம் நூல் முடிச்சு.

"எந்தக் குருடன் தைச்சான் இத?"

"குவைத்துல எங்க மேடம் குடுத்ததுங்க..."

"வேலைக்காரிக்குக் குடுக்கிறது வேற எப்படி இருக்கும்?" என்று உதறினார். மடிப்புக்குள்ளிருந்து காய்ந்த புகையிலைத் துண்டு ஒன்று கீழே விழுந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சால்வையா, வெத்தலப் பொட்டலமா? லயத்து வாடைய லயத்துலயே விட்டுட்டு வரணும்."

"பொகையில வச்சாத்தாங்க பூச்சி..."

"வாய மூடு."

அந்நேரம் சாமான் வாங்க ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமலிருக்க, அதைச் சுருட்டி அலுமாரியின் அடித்தட்டில் எறிந்து பூட்டினார். பிறகு அவள் மூன்று தடவை திருப்பிக் கேட்டாள். "ஒன் கந்தலுக்காக நான் அலுமாரியத் தொறக்கணுமா?" என்பதுதான் மூன்று தடவையும் பதில்.

இன்று வந்திருந்தவர் பிரேமினி. ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றுக்குச் சாமான் வாங்கும் அதிகாரி. அறைக்கு ஒன்றாக அறுபதையும் எடுப்பதாகப் பேச்சு. ஓடர் தாள் கையிலேயே இருந்தது.

கணேசமூர்த்தி மேல்தட்டிலிருந்து ஒன்றை உருவி, நாகலெட்சுமியைப் பொம்மைபோல் நிறுத்திப் போர்த்தினார்.

"குறுக்க மடிச்சு, ஒரு தோள்ல இப்படி. ஊசி குத்தாதீங்க மேடம், நூல் இழுபட்டுரும். சென்ட் அடிச்சா அது காயணும், பெறகுதான் போர்த்தணும். பச்சத் தண்ணில அமுக்கி எடுக்கணும், முறுக்கிப் பிழியவே கூடாது. ஏய், நேரா நில்லு! கொழுந்துக் கூடையா தூக்குற, கூனிக்கிட்டு?"

நாகலெட்சுமி நேராக நின்றாள்.

"பூவப் பாருங்க மேடம். அறுபதுலயும் ஒரே எடத்துல. ஒரு நூல் பிசகாது. கைவேலைன்னா இது!"

மற்றவற்றையும் பார்க்க வேண்டும் என்றார் பிரேமினி. கணேசமூர்த்தியின் கை அடித்தட்டுக்குப் போனபோது, மங்கிய மஞ்சளில் ஒரு சின்னப் பூச்சி பறந்து வெளியே வந்தது. உள்ளே நாகலெட்சுமியின் சால்வை சல்லடையாகக் கிடந்தது. தூக்கிப் பிடித்தால் அதன் வழியே தெரு தெரிந்தது.

அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. அறுபதையும் ஒவ்வொன்றாக இழுத்து, வாசல் வெளிச்சத்தில் விரித்து விரித்துப் பார்த்தார். அதற்கு அரை மணி நேரம் ஆனது. நாகலெட்சுமி தன்னுடையதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

அறுபதிலும் ஓர் ஓட்டை இல்லை.

பயம் இறங்கியதும் குரல் பழையபடி ஏறியது. "பார்த்தீங்களா மேடம்! ஒரே அலுமாரி, ஆறு மாசம். ஒரு பூச்சி உருண்டகூட வைக்கல. மட்டமானத எப்படி அரிச்சு வச்சிருக்கு, நம்ம சரக்குல வாய் வைக்கலயே! அசல் எது, கந்தல் எதுன்னு பூச்சிக்கே தெரிஞ்சிருக்கு!"

பிரேமினி கை நீட்டி நாகலெட்சுமியின் சால்வையை வாங்கினார். பின்பக்கம் திருப்பி, மிஞ்சியிருந்த முடிச்சுகளை விரலால் தடவினார். அதைப் பத்திரமாக அவளிடமே கொடுத்தார். பிறகு ஓடர் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

"மேடம்! என்னாச்சு மேடம்? ஒரு ஓட்டகூட இல்லையே!"

நாகலெட்சுமி தோளில் கிடந்த கடைச் சால்வையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, முதலாளியின் கையில் வைத்தாள்.

"அந்தப் பூச்சி நைலோன் திங்காதுங்க, மொதலாளி."