சிறந்த தலைமை விருது

எங்கள் பனியன் கம்பெனியில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை உண்டு. வேலையில் மனம் நிறைந்தால் பச்சை எரியும், இல்லாவிட்டால் சிவப்பு. அதை ஏமாற்ற முடியாது.

முன்பிருந்த மேனேஜர் சிவகாமியம்மா டீ வாங்கித் தந்து குறை கேட்பார். அப்போதும் பாதிப் பட்டைகள் சிவப்புதான். அவரைத் தூக்கிவிட்டு ராசப்பனைப் போட்டார்கள். அவர் தினமும் காலையில் ஒரே ஒருவரை இழுத்து இரும்பு ஸ்கேலால் அடிப்பார். அடிபடுகிற ஆளைத் தவிர லைன் முழுக்கப் பச்சை எரியும். ‘நல்லவேளை, நானில்லை’ என்ற நிம்மதியும் பட்டைக்குத் திருப்திதான். கம்பெனி அவருக்கு விருது கொடுத்தது.

இன்று என்னை இழுத்தார்.

“ஆடாம நில்லு. எல்லாரும் சந்தோசமா இருக்க வேண்டாமா?”

மூன்றாவது அடியில் மூக்கெலும்பு நொறுங்கியது. வெள்ளைத் துணிக்குவியலில் ரத்தத்தோடு விழுந்தேன். பக்கத்து மிஷினில் என் கணவர்.

“ஏனுங்க, நீங்களாச்சும் நிறுத்தச் சொல்லுங்க!”

“எந்திரிக்காத அம்மணி, அப்படியே கெட” என்று அவர் தேம்பினார். கண்ணீரைத் துடைக்கக் கையை உயர்த்தினார்.

மணிக்கட்டில் பச்சை எரிந்தது.