பதினேழு பேருக்கு ஒரே நம்பர்

“கண்ண எங்கக்கா வச்சிருக்கீங்க?”

யுகேஷின் வெள்ளைச் சட்டையெல்லாம் பிளேன்டீ. மேசை என்று நினைத்து, மேசைக்கு நாலு விரல் இப்பால் டம்ளரை வைத்திருந்தாள், ஆபீஸில் டீ ஊத்துகிற அங்கம்மா.

“மன்னிச்சுக்கங்க தம்பி.” முந்தானையால் துடைக்க வந்தாள்.

“விடுங்க, விடுங்க. இன்னும் அஞ்சு நிமிசத்துல நான் பேசணும்.”

கண்டியில், வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகக் கண்புரை ஒப்பரேஷன் செய்துவைக்கிற சின்னச் சங்கம் அது. வருகிற விண்ணப்பங்களை அலசிப் பார்க்க யுகேஷை டேட்டா அனலிஸ்ட்டாக எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. இன்றைக்கு நாலு மணிக்கு லிஸ்ட் டொக்டர் கைக்குப் போகவேண்டும். அதற்கு முன்னால் எல்லாருக்கும் வேலை சொல்லித் தருகிறேன் என்று கிளம்பியிருந்தான்.

புரொஜெக்டரிலிருந்து சுவரில் படம் விழுந்தது. ‘சுப்பர் ஹீரோ படங்களில் இருந்து டேட்டா பாடங்கள்.’

“பாடம் ஒண்ணு. உண்மையான ஹீரோ பேரு எந்த லிஸ்ட்லயும் இருக்காது. முகமூடியைப் போட்டுட்டு வருவான், ஊரைக் காப்பாத்துவான், போயிருவான். நாமளும் அப்படித்தான். நம்ம வேலைதான் பேசணும்.”

“அப்ப அடியில யுகேஷ்னு இவ்ளோ பெருசா போட்டிருக்கே, அது வில்லன் பேரா?” என்றாள் பிரேமிளா. விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுகிறவள் அவள்தான்.

யுகேஷ் அசரவில்லை.

“பாடம் ரெண்டு. வில்லன் எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் ஒரு தடயத்தையாவது விட்டுட்டுத்தான் போவான். இங்க பாருங்க.”

கலஹா தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பெயர்கள் பதினேழு. பதினேழுக்கும் ஒரே போன் நம்பர்.

“யாரோ புரோக்கர். தோட்டத்துச் சனத்துக்கு எடம் புடிச்சுத் தர்றேன்னு வித்துக்கிட்டிருக்கான். பாடம் மூணு, ஹீரோ தயங்கமாட்டான். பதினேழையும் லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டேன்!”

ரெண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

சங்கத்துச் செயலாளர் முனாஸ் மட்டும் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். அக்குறணையில் கடை வைத்து ஆயிரம் முகம் பார்த்த மனுஷன்.

“ஆளப் பாக்காம எப்படித் தம்பி தூக்கிற? அந்த நம்பருக்கு ஒரு கோல் எடுங்க. எல்லாரும் கேப்போம்.”

“தாராளமா சேர்.”

எடுத்தான். குசினிக்குள் மணி அடித்தது.

எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. அங்கம்மா நம்பர் அங்கே யாருக்குத் தெரியும்? கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பவளுக்கு யார் போன் எடுப்பார்கள்?

“அடப்பாவமே, வில்லன் நம்ம குசினியிலயே டீ ஊத்திக்கிட்டிருக்கு!” என்றது ஒரு குரல்.

அங்கம்மா அடிக்கிற போனோடு ஓடிவந்து, அதை யுகேஷிடமே நீட்டினாள்.

“தம்பி, இதுல பச்சை எது, செவப்பு எது? கொஞ்சம் அமுத்திக் குடுங்க. ஆஸ்பத்திரியில இருந்துதான் எடுக்கறாங்க போல.”

திரையில் யுகேஷின் நம்பர்தான் மின்னிக்கொண்டிருந்தது.

முனாஸ் கேட்டார். “அங்கம்மா, இந்தப் பதினேழு பேருக்கும் உங்கட நம்பரையா போட்டீங்க?”

“ஆமாங்க சேர். எங்க தோட்டத்து லயத்துல வயசானதுகளுக்கு ஏது போனு? புள்ளைக எல்லாம் கொழும்புல. போன் இருந்தாலும் மலை மேல கவரேஜ் இல்ல. நான்தானே தெனமும் பஸ்ஸேறி டவுனுக்கு வர்றவ. தேதி சொன்னாங்கன்னா சாயங்காலம் போயி சொல்லிருவேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?” என்றாள் பிரேமிளா.

“ஆபீஸ்ல வேலை செய்றவ சொல்லித்தான் எடம் கெடச்சதுன்னு ஆயிரும்ல? அதான் எல்லாரையும் போல வாசல்ல இருக்கற விண்ணப்பப் பெட்டியில போட்டேன்.”

மணி மூன்றே முக்கால்.

“பதினேழையும் திரும்பப் போடுங்க தம்பி” என்றார் முனாஸ்.

யுகேஷின் விரல்கள் ஓடின. முடிந்ததும் முனாஸ் அங்கம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“உங்கட கண்ணு எப்ப இருந்து இப்படி?”

“அது கெடக்கு சேர், ரெண்டு வருசமா.”

“அப்ப உங்கட பேர் எங்க?”

யுகேஷ் தேடினான். மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம். இல்லை.

“எடம் கொஞ்சந்தானே சேர். எனக்கு இன்னும் டம்ளர் தெரியுது. மேசைதான் சில நேரம் தள்ளிப் போயிருது” என்று சிரித்தாள் அங்கம்மா. “அதுகளுக்கு டம்ளரே தெரியலையே.”

யுகேஷ் சட்டையில் இருந்த கறையைப் பார்த்தான்.

நாலு மணிக்கு ரெண்டு நிமிசம் இருக்கும்போது லிஸ்ட்டில் அந்தப் பதினேழுக்கும் கீழே பதினெட்டாவது பெயரை அடித்தான். போன் நம்பர் கட்டத்தில் தன் நம்பரைப் போட்டான்.

அப்புறம் முதல் பாடத்துக்குத் திரும்பிப் போய், அடியில் பெரிய எழுத்தில் இருந்த தன் பெயரை அழித்தான்.