மாடிக்குப் போகும் வழி

அலுவலகத்தின் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி சப்நெட், அதாவது தனித்தனிக் கணினி வலை. இரண்டையும் இணைக்கும் யூனிக்ஸ் சர்வரில், எந்தச் செய்தி எந்த வழியில் போகவேண்டும் என்று குறித்திருக்கும் ரூட்டிங் டேபிளில், மாடிக்குப் போகும் வழி மட்டும் தினமும் பிற்பகலில் மாயமாகிவிடும்.

அன்று மாடியிலிருந்து கணக்குப் பிரிவு மேடமே மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"நான் அனுப்புற மெசேஜ் எதுவுமே உங்க மேனேஜருக்கு வர்றதில்லையாமே! நீ இங்க என்னதான் பண்றே?"

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். பக்கத்தில் நின்ற மேனேஜரும் எகிறினார்.

"இன்னைக்குள்ள காரணத்தைக் கண்டுபிடி. இல்லைன்னா உன் வேலை நிரந்தரமாகாது!"

கேபிளில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதித்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. அந்த வழியைச் சேர்க்கத் தான் கொடுத்த கட்டளையில்தான் தப்போ என்று அதையும் திரும்பப் பார்த்தாள். கடைசியில் டேபிளையே கண்கொட்டாமல் பார்த்திருந்தபோது, மாடிக்கான வழி இருந்த வரி அழிந்தது. அழித்தது யாரென்று தேடியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேனேஜரின் அறைக்கு ஓடினாள்.

"சார், அந்த வழியை உங்க கம்ப்யூட்டர்லேர்ந்துதான் யாரோ அழிக்கிறாங்க!"

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசும்மா. கண்டுபிடிக்க முடியலைன்னு மேடம்கிட்ட சொல்லிடு. உன் வேலை நிரந்தரம்!"

"ஏன் சார்?"

"மேடம் வீட்டுல எனக்குப் பெண்டாட்டிம்மா. சாயங்காலம் என்னென்ன வாங்கிட்டு வரணும்னு அவ அனுப்புறதெல்லாம் ஒழுங்கா வந்து சேர்ந்தா, நான் எப்பம்மா சீட்டாடப் போறது?"