கறுப்புக் கட்டத்துக்குள் தவமணி

சுவரில் அவள் இருந்தாள்.

நெற்றி நிறையக் குங்குமம். மகள் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டு. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அதே முகம்.

சுற்றிலும் கறுப்புக் கட்டம்.

ரொட்டி வாங்க எடுத்துவந்த துணிப்பை கையிலிருந்து நழுவியது.

இத்தாலிய மொழியில் அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் இந்தச் சுவரைத் தெரியும். வந்து இறங்கிய அன்றே மகள் சொல்லியிருந்தாள். இந்தக் கடற்கரை ஊரில் யார் இறந்தாலும் போட்டோ போட்டு இங்கேதான் ஒட்டுவார்கள். ஊரே காலையில் வந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகும். மூன்று மாதமாக இதைத் தாண்டும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

இன்று கை எழவில்லை.

இந்தப் பக்கம் மீசைக்காரக் கிழவர். அந்தப் பக்கம் முத்துமாலை போட்ட அம்மாள். நடுவில் இவள்.

கீழே பெயர். இங்கிலீஷ் எழுத்து என்பதால் கூட்டிப் படிக்க முடிந்தது. தவமணி. அதற்கும் கீழே இரண்டு தேதிகள். முதலாவது அவள் பிறந்த தேதி.

இரண்டாவது இன்று.



காலையில் எழுந்தாள். பல் தேய்த்தாள். காபி குடித்தாள். சர்க்கரை போட மறந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. செத்தவர்களும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு நடப்பார்களோ?

கையைக் கிள்ளினாள். வலித்தது. அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

எழுந்தபோது கணவரைப் பக்கத்தில் காணவில்லை. கடலைப் பார்க்கப் போயிருப்பார் என்று விட்டுவிட்டாள். மனுஷனுக்கு வந்த நாளிலிருந்து கடல்தான். மதுரை பஸ் டெப்போவில் முப்பது வருஷம் புகை குடித்தவர். இது என்ன நீலம் என்பார். துணி ஒரு மணி நேரத்தில் காய்கிறது பார், எலுமிச்சை தேங்காய் பருமனுக்குக் காய்க்கிறது பார், வேர்க்கவே இல்லை பார். மகள் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அவளுக்கும் பிடிக்காமல் இல்லை. காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இங்க செத்தா அழுகுறதுக்கு நாலு பேரு இருக்காங்களா?”

அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்.

நாளை மறுநாள் விமானம்.

பின்னால் ஏதோ விழுந்த சத்தம். திரும்பினாள்.

ரொட்டிக்கடை ரொசாரியா. காலடியில் கூடை கவிழ்ந்து ரொட்டிகள் உருண்டு கிடந்தன. கழுத்தைச் சுற்றிக் கறுப்புச் சால்வை. அவள் சுவரைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

“மடோன்னா!”

மாதாவைக் கூப்பிட்டு அவள் போட்ட சத்தத்தில் கூரைப் புறாக்கள் அத்தனையும் எழும்பின.

அடுத்த கணம் மாவுக் கைகள் இவள் முகத்தைப் பிடித்துக்கொண்டன. கன்னம். காது. தோள். சூடு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தன.

கதவுகள் திறந்தன. மாடி வீட்டுக்காரி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள். மூன்று மாதத்தில் தலையசைத்ததைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவள். வந்து இவள் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள்.

அவள் கண்கள் வீங்கியிருந்தன. இமையெல்லாம் தடித்து, மூக்கு சிவந்திருந்தது. ஓடிவருவதற்கு வெகுநேரம் முன்பே அழுதிருக்கிறாள்.

அப்போதுதான் இவள் கீழே பார்த்தாள்.

சுவரோரம் ஒரு கண்ணாடி ஜாடி. அதில் பூவோடு ஒடித்த எலுமிச்சைக் கிளை. தினமும் ஜன்னலில் நின்று இவள் வாசம் பிடிக்கிற அதே மரத்துக் கிளை.

எதிரே மீன்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இவளுக்கென்று சின்ன மத்தியாகப் பொறுக்கிவைக்கிற மீன்காரர், கழற்றிய தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி வாய் பிளந்து நின்றார்.

இவளுக்குச் செத்துப்போனதைவிட இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

கடற்கரைச் சரிவில் கணவர் ஏறி வந்தார். ஒரு கையில் பிரஷ். ஒரு கையில் பசை வாளி. முகமெல்லாம் பல்.

“எப்புடி? பொறந்தநாளுக்கு மதுரையில மட்டுந்தான் போஸ்டர் ஒட்டுவாங்களா? அச்சாபீஸ்காரரு எந்திரிச்சு வந்து என்னையக் கட்டிப்பிடிச்சு வாழ்த்துனாரு தெரியுமா?”

மகள் சுவரைப் பற்றிச் சொன்ன அன்று இவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இருக்கிற பெரியவர்கள் எல்லாம் அறுபதும் எண்பதும் கொண்டாடுகிறவர்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். படத்தையும், அறுபது வருஷ இடைவெளியில் இரண்டு தேதிகளையும் நீட்டினால் அச்சாபீஸ்காரர் வேறென்ன செய்வார்.

ரொசாரியாவுக்குப் பசை வாளியைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கீழே கிடந்த நீள ரொட்டியை எடுத்து அவர் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அதே ரொட்டியோடு உட்கார்ந்து அழுதாள்.

மாடி வீட்டுக்காரி இன்னும் இவள் கைகளை விடவில்லை.

மீன்காரர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, போஸ்டரைக் கிழித்துப் போடக் கையை உயர்த்தினார்.

தவமணி ஒரு கையை விடுவித்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

போஸ்டரின் மேல் ஓரம் சரியாக ஒட்டாமல் கடல்காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. கணவருக்கு எதையும் உருப்படியாக ஒட்டத் தெரியாது.

வாளியில் இரண்டு விரலை விட்டுப் பசையை எடுத்தாள். எக்கி நின்று ஓரத்தில் தடவினாள்.

காயும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.