பஸ்ரியனின் பெட்டி

பஸ்ரியனின் உடுப்புப் பெட்டியைப் பேஸ்மென்றிலிருந்து இழுத்து வந்து, வாசலில் கரையாமல் கிடந்த ஊத்தைப் பனியின்மேல் வைத்தான் வினோதன். சப்பாத்துகளை வைக்கவில்லை, எறிந்தான்.

அப்போதுதான் பஸ்ஸால் இறங்கி வந்த பஸ்ரியன் திகைத்து நின்றுவிட்டான். "என்ன மச்சான், உனக்கென்ன விசரே?"

"எடுத்துக்கொண்டு போ. இனி இந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது."

இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழக அணி. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, குறுக்கே வருகிறவனை மோதித் தள்ளிவிட்டு ஓடுகிற கனடாக்காரரின் புட்போல். ரொறன்ரோவின் மில்லிக்கனில் வினோதன் வீட்டுப் பேஸ்மென்றில்தான் பஸ்ரியன் இரண்டு வருடமாகக் குடியிருந்தான். படுக்கைதான் கீழே, சாப்பாடெல்லாம் மேலே அம்மாவின் கையால்.

தொழில்முறைக் கழகங்கள் புதியவர்களைத் தெரிவு செய்வதற்கு முன், அவற்றுக்கு ஆள் பார்க்கிறவர்கள் ரொறன்ரோவுக்கு வந்து, பையன்களை ஓடவிட்டு, நிறையும் உயரமும் அளந்து பார்த்தார்கள். மேற்குப் பக்கத்துக் கழகம் ஒன்றுக்கு ஓட்டக்காரன் ஒருவன் தேவைப்பட்டான். கடைசியில் இவர்கள் இருவரும்தான் மிஞ்சினார்கள். வினோதனுக்கு இது கடைசி வருடம், இதை விட்டால் வேறு வாய்ப்புக் கிடையாது.

நேற்றுக் கூப்பிட்ட பெயர் பஸ்ரியன்.

அதைக்கூட வினோதன் விழுங்கிக்கொண்டான். நண்பன்தானே, கட்டிப்பிடித்து வாழ்த்தும் சொன்னான். இன்று காலையில் கோச் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதுதான் நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டியது.

ஓட்டத்தில் வினோதன்தான் முதல் என்றார் கோச். ஆனால் இந்தக் கழகங்கள் ஓட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை, வீட்டுக்கும் போன் எடுத்து ஆள் எப்படி என்று விசாரிப்பார்கள். வீட்டார் மனம்விட்டுப் பேசட்டும் என்று தங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு தமிழரையே பேச வைத்தார்களாம். 'வினோதன் பயந்த சுபாவம், ஒருவரோடும் மோதமாட்டான், படிப்பு முடிந்தால் பந்தைத் தொடவே மாட்டான்' என்று அவன் வீட்டிலிருந்தே பதில் போயிருக்கிறது. மோதப் பயந்தவனை இந்த விளையாட்டுக்கு யார் எடுப்பார்கள்?

யார் சொன்னது என்று கோச்சுக்குத் தெரியவில்லை. வினோதனுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அப்பா பிறம்ரனில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர், காதுக்குள் போன் அடித்தாலும் எழும்பமாட்டார். அம்மாவோ, போன கிழமைதான் அவனுக்கு அப்பாவின் கோட்டை மாட்டி, ரை கட்டி, பிளாசாக் கடைத்தொகுதியில் இருக்கிற ஸ்ரூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுப்பித்தவள். அவன் தெரிவானதும் பேப்பருக்குக் கொடுக்கத்தான் அம்மா அவசரப்படுகிறாள் என்று அவன் உள்ளூரச் சிரித்துக்கொண்டான்.

மிச்சம் இருப்பது பஸ்ரியன். கீழேயும் ஒரு போன் இருக்கிறது.

"மாதா அறிய நான் அப்பிடிச் சொல்லேல்லையடா," என்றான் பஸ்ரியன்.

"அப்ப ஆர் சொன்னது? உந்தச் சுவரோ?"

"என்னோடை ஒருத்தரும் கதைக்கேல்லை. சரி, நீ நம்பாட்டி விடு. அன்ரி வரட்டும், அவவிட்டைச் சொல்லிப்போட்டுப் போறன்."

"அம்மான்ர பேரை உன்ர வாயாலை எடுக்காதை! அவ போட்ட சோத்தைத் திண்டுபோட்டு என்ர தலையிலை மண் அள்ளிப் போட்டனியெல்லோ!"

பஸ்ரியன் குனிந்தான். சப்பாத்துகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஸ்டீல்ஸ் வீதிப்பக்கம் நடந்தான். மோதி விழுந்த நாளெல்லாம் தோளுக்கு எண்ணெய் போட்டு உருவிவிட்ட கை அவனுடையது. அந்தக் கையே முதுகில் குத்திவிட்டதே என்று வினோதனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சிறிது நேரத்தில் அம்மா இராஜேஸ்வரி பிளாசாவிலிருந்து வந்தாள். ஒரு கையில் மரக்கறிப் பை, மறுகையில் ஸ்ரூடியோக்காரன் கொடுத்த உறை.

"பஸ்ரியன் பெட்டியோடை பஸ்ஸிலை ஏறிப் போறான். கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கேல்லை. என்னடா நடந்தது?"

"நான்தான் கலைச்சனான் அம்மா. கூட இருந்தே குழி பறிச்சிட்டான்." அடக்கி வைத்த அழுகை உடைந்தது. "ஒரு தமிழ் ஆள் போன் எடுத்து என்னைப் பற்றி விசாரிச்சவராம். நான் பயந்தவனாம், ஒருத்தரோடையும் மோதமாட்டனாம், படிப்பு முடிய விளையாட்டை விட்டிடுவனாம். உவன் அப்பிடிச் சொல்லித்தான் எனக்கு வந்த இடத்தை எடுத்தவன்!"

அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் படியில் இருந்துவிட்டாள். மடியிலிருந்து உறை சரிந்து, கோட்டும் ரையுமாக நாலைந்து வினோதன்கள் நிலத்தில் சிதறினார்கள்.

"பெடியனைப் பற்றி அறியவேணும் எண்டு தொடங்கி, உயரம் எவ்வளவு, நிறை எவ்வளவு, குடிப்பானோ, குடும்பத்திலை ஏதும் வருத்தம் இருக்கோ எண்டெல்லாம் கேட்டவரோ?"

"ஓம், கோச் சொன்னவர். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அம்மா சிதறிய படங்களில் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"மாப்பிள்ளைக்கு விசாரிக்கினம் எண்டு நினைச்சு, நான்தானடா அப்பிடிச் சொன்னனான்."